நெரிசல் எஃப்.எம்.மில் என் குரல்

மார்ச் 4, செவ்வாய்

தொண்டையில் தையல் காய்ந்துவிட்டது. குரல்தான் வரவில்லை. பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்று டாக்டர் சொல்லி அனுப்பியதிலிருந்து வீட்டில் ஒரு வேடிக்கை நடக்கிறது. எனக்குப் பேச்சு வராது என்றால் காதும் கேட்காது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். மாடியில் குடியிருக்கும் என் தங்கை, எங்களுக்கு எப்போதும் சின்னவள், "அக்கா, டீ வேணுமா?" என்பதைத் தெருவுக்கே கேட்கும்படி கேட்கிறாள். கூடவே கையால் டம்ளர் பிடித்தும் காட்டுகிறாள்.

இவர் விஷயம் வேறு. நாளெல்லாம் டாக்சி ஓட்டிவிட்டு வந்து, உள்ளங்கையளவு விளையாட்டுக் கருவியிலும் டாக்சி ஓட்டுகிற மனிதர். கேட்டால், "இதுல ஏறுறவங்க யாரும் கதவை ஓங்கி அறையறதில்ல" என்பார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த விளையாட்டுக் காரின் ரேடியோவுக்குக் குரல் கொடுக்கிறவளே நான்தானே. ஆனால் வாங்கிய நாளிலிருந்து வீடே அதிர வைத்து விளையாடியவர், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இயர்போன் மாட்டிக்கொள்கிறார். காதில் எதையாவது செருகினால் தலை கிறுகிறுக்கும் என்று சொன்னவர் இவர்.

"உனக்குத் தொந்தரவா இருக்குமேன்னுதான்" என்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இல்லாத கரிசனம்.

மார்ச் 6, வியாழன்

இவர் குளிக்கப் போன நேரத்தில் கருவியை எடுத்து இயர்போனைப் பிடுங்கினேன். அந்த விளையாட்டில் ஐந்து ஸ்டேஷன்கள். ஒன்றில் சோகப் பாட்டு மட்டும். ஒன்றில் வழுக்கைக்குத் தைலம் விற்கும் ஆள். மற்ற இரண்டில் மேளமும் கிதாரும். ஐந்தாவது என்னுடையது, நெரிசல் எஃப்.எம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே டிராஃபிக் அக்கா வந்து எந்தத் தெருவில் நெரிசல், எங்கே சுற்றிப் போகலாம் என்று சொல்வாள். அந்த அக்கா நான்.

கார் நின்றுகொண்டிருந்தது. திரையில் மழை. நான் ஆபரேஷனுக்குப் போகும்வரை அந்த ஊரில் மழையே கிடையாது. புதிதாகச் சேர்க்கப் போகிறோம், குரல் சரியான பிறகு மழை வசனங்களைப் பேசிக் கொடுங்கள் என்று, விளையாட்டைத் தயாரிக்கிற ஸ்டுடியோவின் சவுண்டுத் தம்பி சொல்லியிருந்தார். ஐந்து ஸ்டேஷனுக்கும் பாட்டுப் போடுகிற ஆள் அவர் ஒருவர்தான், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் குழுவின் பெயரை மட்டும் மாற்றிவிடுவார். அப்படிப்பட்டவர் எதையும் செய்வார்.

பாட்டு முடிந்தது. நான் பேசினேன்.

"மழை பிடிச்சுக்கிச்சு. வைப்பர் போடுங்க, பொறுமையும் கொஞ்சம் போடுங்க."

என் குரல். அதே இழுப்பு, 'பொறுமை'யில் அதே சின்னச் சறுக்கல். ஆனால் இந்த வசனத்தை நான் பேசவில்லை. பேசவே இல்லை.

இவர் துண்டோடு வெளியே வந்தார். கருவி பழைய இடத்தில் இருந்தது. இயர்போனும்தான்.

மார்ச் 7, வெள்ளி

இயந்திரம். பழைய ஒலிப்பதிவுகளை அதற்குள் போட்டு அரைத்து என் குரலைச் செய்துகொண்டார்கள். நான் இனி எதற்கு?

மார்ச் 11, செவ்வாய்

சவுண்டுத் தம்பியை நேரடியாகக் கேட்க முடியாது. என் குரல் எந்த நிலையில் இருக்கிறது என்று ஸ்டுடியோவில் யாருக்கும் தெரியாது. சின்ன ஆபரேஷன், சீக்கிரம் வந்துவிடுவேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். குரல் போய்விட்டது என்று தெரிந்த மறுநாளே அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள். ஆகவே, மழை நன்றாக இருக்கிறது என்று மட்டும் மெசேஜ் அனுப்பினேன். சும்மா நூல் விட்டுப் பார்த்தேன்.

பதில் உடனே வந்தது. "நன்றிக்கா. மழை வசனமெல்லாம் பிரமாதம், குரல் முன்னைவிடத் தெளிவு. இந்த நம்பரும் வேலை செய்யுதா?"

இந்த நம்பரும். அந்த 'உம்' எங்கிருந்து வந்தது? எனக்கு இருப்பது ஒரே நம்பர். தட்டுப்பிழையாக இருக்கலாம். இருக்கட்டுமே, தட்டுப்பிழைக்கும் ஒரு காரணம் இருக்கும். 'முன்னைவிடத் தெளிவு' என்பது வேறு, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது.

மார்ச் 14, வெள்ளி

இவர் வேலைக்குப் போனதும் கருவியில் நான் டாக்சி எடுக்கிறேன். அடுத்தடுத்த வசனங்களைக் கேட்க வேண்டுமானால் கார் ஓட வேண்டும். எனக்கு ஓட்ட வராது. முதல் சவாரியிலேயே பழக்கடைக்குள் விட்டேன், இரண்டாவதில் போலீஸ் துரத்தியது. கார் நொறுங்கினால் ரேடியோவும் நின்றுவிடும், பாதி வசனத்தில். சவாரி ஏறிய ஆள் "இறக்கி விடும்மா" என்று கெஞ்சுகிறான். நானும் ஊர்ந்து ஊர்ந்து போய்க் கேட்டேன்.

மூச்சு இருக்கிறது.

வசனம் ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சின்ன மூச்சு இழுப்பு. 'சிக்னல்' என்ற சொல்லுக்குப் பிறகு எச்சில் விழுங்கும் சத்தம். இயந்திரம் எதற்கு எச்சில் விழுங்கும்? சின்ன ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். இது ஆள். எனக்கு இருக்கிற அதே குரலோடு ஒரு ஆள் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள்.

இயந்திரம் என்றபோது கோபம்தான் வந்தது. இப்போது பயமாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

துணி அலமாரியைத் திறந்தேன். என் ஒலிப்பதிவு அறை அதுதான். உள்ளே போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன். எதிரொலி வராது. பேசி முடித்ததும் ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிடுவேன், நேரில் போவது அபூர்வம். ஆபரேஷனுக்குப் போனதிலிருந்து நான் அந்தக் கதவைத் திறக்கவில்லை. திறக்க மனம் வரவில்லை.

பச்சைப் போர்வை இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் இருக்கிறது. மைக் என் வாய்க்கு நேராக இருக்கும். இப்போது என் மோவாய்க்குக் கீழே இருக்கிறது. மைக் தானாக இறங்காது, திருகாணியைத் தளர்த்தி யாரோ இறக்கியிருக்கிறார்கள். என்னைவிடக் குள்ளமான யாரோ.

இவர் என்னைவிட உயரம். வீட்டுச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது என்று எழுதக் கை வரவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் சாவி கொடுத்தோம்.

மார்ச் 18, செவ்வாய்

இனி சந்தேகம் இல்லை.

இன்று புதுச் சாலை ஒன்றில் போனேன். டிராஃபிக் அக்கா சொன்னாள்: "ஆஸ்பத்திரி ரோட்டுல வண்டி நகரல. ரவுண்டு அண்ணாகிட்டச் சொல்லி வழி விடச் சொல்லுங்க."

கார் போய்த் தூணில் மோதியது. 

ரவுண்டானா என்பது சின்னவளுக்குச் சிறுவயதில் புரியாது. நடுவில் ஒரு மேடை, மேடைமேல் வெள்ளைத் தொப்பி போட்ட போலீஸ்காரர், சுற்றிலும் வண்டிகள். அப்பா "ரவுண்டானாகிட்ட திரும்பணும்" என்றால், அவள் அந்தப் போலீஸ்காரர்தான் ரவுண்டு அண்ணா என்று நினைத்துக்கொண்டாள். எங்கள் தெரு முனையைக் கடக்கும்போதெல்லாம் அவருக்குக் கை காட்டுவாள். மழை பெய்தால் அண்ணா நனைவாரே என்று அழுவாள். வெளியே சொன்னால் கிண்டல் செய்வார்களே என்று அதை எங்கள் இருவருக்குள் வைத்துக்கொண்டோம். இவருக்குக்கூடத் தெரியாது.

ஃபோனில் எங்கள் இருவர் குரலையும் அம்மாவாலேயே பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. அதை நான் எப்படி மறந்தேன்?

மார்ச் 19, புதன்

சின்னவள் சூப் கொண்டுவந்தாள். கையால் ஸ்பூன் பிடித்துக் காட்டினாள். நான் குடிக்கவில்லை.

மார்ச் 22, சனி

டாக்டரிடம் காட்ட இவர் டாக்சியில் அழைத்துப் போனார். பாதித் தெரு போனதும் ரிப்போர்ட்டை மறந்துவிட்டேன் என்று எழுதிக் காட்டினேன். மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

"நீ இரு, நான் போய் எடுத்துட்டு வர்றேன்" என்று இவர் அவசரமாக இறங்கப் பார்த்தார். பக்கத்துக் கடைக்கு நடக்கவே சோம்பல்படுகிறவர். அப்போதே தெரிந்துவிட்டது, இவரும் கூட்டு. நான் முந்திக்கொண்டேன்.

வீடு பூட்டியிருந்தது. திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். என் வீட்டில் நானே திருடியைப் போல. அலமாரிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"புதுப் பாலம் திறந்தாச்சு. எல்லாரும் அதுலயே போகாதீங்க, பழைய பாலம் கோவிச்சுக்கும்."

நிறுத்தி, தொண்டையைக் கனைத்து, மறுபடி அதே வசனம். இரண்டாவது தடவை இன்னும் அழகாக. பாவி, நன்றாகப் பேசினாள். நான் பேசியிருந்தால் 'கோவிச்சுக்கும்' என்பதை அவ்வளவு லேசாக விட்டிருக்கமாட்டேன்.

"வெளிய வா" என்றேன். அது குரலா? காற்றில் மணலைக் கொட்டியது போல ஒரு சத்தம். ஆபரேஷனுக்குப் பிறகு நான் சொன்ன முதல் வார்த்தை அது.

கதவு திறந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. உள்ளே வெக்கை தாங்காது, எனக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் முதலில் அவள் கேட்டது, "அக்கா, நீ பேசக் கூடாதே?"

பிறகு எல்லாம் சொன்னாள். நான் ஆபரேஷன் அறையில் இருந்தபோது என் ஃபோன் அவளிடம் இருந்தது. சவுண்டுத் தம்பி கூப்பிட்டிருக்கிறார். மழை வசனம் உடனே வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடச் சொல்கிறார்கள் என்று சொல்லத்தான். இவள் ஹலோ சொன்னதுமே அவர், "அட, குரல் நல்லாத்தானேக்கா இருக்கு?" என்றிருக்கிறார். இவள் நான் அக்கா இல்லை என்று சொல்லவில்லை. அந்த நம்பர் வீட்டுக்காரரிடம் இருக்கும், இனிமேல் இதற்கு அனுப்புங்கள் என்று தன் நம்பரைக் கொடுத்துவிட்டாள். இவருக்கு, விளையாடும்போது சந்தேகம் வந்து கேட்ட பிறகுதான் தெரியுமாம். டாக்டர் நான் பதற்றப்படக் கூடாது என்றதால் இருவரும் சேர்ந்து மறைத்தார்களாம்.

"உன் இடம் போயிடக் கூடாதுன்னுதான்க்கா" என்றாள்.

 அவள் பச்சைப் போர்வையின் நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

"முதல்ல அப்படித்தான். அப்புறம் எனக்கும் பிடிச்சுப் போச்சு. கடையில நாள் முழுக்க மூக்குக் கண்ணாடியைத் துடைச்சு வைக்கறேன். இதுல நான் பேசினா ஊரே வண்டியைத் திருப்புது."

அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னதால்தான் நம்பினேன். நம்பியதால்தான் வலிக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

இவரோடு பேசவில்லை. அதாவது, எழுதியும் காட்டவில்லை. சாப்பாட்டு மேஜையில் மூன்று தடவை ஏதோ ஆரம்பித்தார்.

என்ன மனுஷன் இவர். என் குரலைத் திருடுறா, இவர் உக்காந்து அதைக் காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கறார். ரசிச்சாரா? ரசிச்சிருப்பார். முன்னைவிடத் தெளிவாச்சே. நான் பக்கத்துல ஊமையா உக்காந்திருக்கேன் — ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?

அழுதால் தொண்டை இறுக்கும் என்று அதுவும் கூடாதாம். அழுதேன்.

ஏப்ரல் 2, புதன்

டாக்டர் மூக்கு வழியாகக் குழாயை விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு குரல் நாண்களில் வலதுபக்கத்து நாண் ஒழுங்காக வந்து போகிறது. இடதுபக்கத்தது அசையாமல் கிடக்கிறது. இனிப் பேசலாம், பயிற்சி செய்தால் பேச்சு தெளிவாகும், ஆனால் பழைய குரலை எதிர்பார்க்க வேண்டாம் என்றார். எவ்வளவு நாளில் என்று கேட்டேன். அவர் நாள் எதுவும் சொல்லவில்லை. எதிர்பார்க்க வேண்டாம் என்பதையே இன்னொரு விதமாகச் சொன்னார். டாக்டர்கள் சொல்வதில் எப்போதும் ஒரு மீதியைக் கையில் வைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். இந்த டாக்டர் மீதி வைக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

மைக்கை என் உயரத்துக்கு ஏற்றினேன். ஒரு வசனம் பேசிக் கேட்டுவிட்டு மறுபடி இறக்கிவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஸ்டுடியோவில் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒளித்து வைத்து எத்தனை நாள் பிழைக்க முடியும்? சின்னவள் சொல்லி அவர்களுக்குத் தெரிவதைவிட நான் சொல்வது மேல். அவள் எப்போது சொல்லிவிடுவாளோ என்று வேறு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் காலடிச் சத்தம் கேட்டாலே அங்கே யாரோடு பேசுகிறாள் என்று காது போகிறது.

கூப்பிட்டேன். நான்தான் பேசுகிறேன் என்றேன்.

"யாருங்க? அக்கா ஃபோன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்றார் சவுண்டுத் தம்பி.

நான் டிராஃபிக் அக்கா என்றேன். அவர் சிரித்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, அக்கா போன மாதம்கூடப் பாலத்து வசனம் பேசி அனுப்பினார்கள், விளையாடாதீர்கள், ஃபோனை அவர்களிடம் கொடுங்கள் என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"என்னையே யாருன்னு கேக்கறியா? உனக்கு முதல் வசனம் பேசிக் குடுத்தது யாரு? அந்தத் தைலக்காரன் ஸ்டேஷன்ல பாட்டைத் தலைகீழாப் போட்டு ஓட்டறியே, அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

கத்தியது மாடிக்குக் கேட்டிருக்கும். சின்னவள் இறங்கி ஓடிவந்தாள். அன்றைய சண்டைக்குப் பிறகு அவள் கீழே வருவது இதுதான் முதல் தடவை. ஃபோனை வாங்கி ஹலோ என்றாள்.

"அக்கா, யாரோ உங்க ஃபோன்ல..." என்று அவர் ஆரம்பிப்பது எனக்கு இங்கேயே கேட்டது.

நான்தான் நான் என்று சொல்ல அவள் குரல் வேண்டியிருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன். இப்போது அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும், அந்த இடம் அவளுக்கு நிரந்தரம். அதைத்தான் செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். கூசாமல் எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

"தம்பி, நான் அக்கா இல்ல. இப்போ பேசினாங்களே, அவங்கதான் அக்கா. மழையிலேர்ந்து இதுவரைக்கும் பேசினதெல்லாம் நான், அவங்க தங்கச்சி. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

நேரில் வந்து பேசுகிறேன் என்று அவர் ஃபோனை வைத்துவிட்டார். இங்கே நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம்.

ஏப்ரல் 11, வெள்ளி

சவுண்டுத் தம்பி நேரில் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று டீ போடவில்லை. அவர் உட்கார்ந்து, இரவெல்லாம் ஸ்டுடியோவில் பேசியதாகச் சொன்னார். டிராஃபிக் அக்காவாகத் தங்கையே தொடரட்டும், சொந்தப் பெயரில். நெரிசல் எஃப்.எம்.முக்கு ஃபோன் பண்ணிப் புகார் சொல்கிற ஒரு நேயராக நான் வர வேண்டும்.

பரிதாபம் என்று நினைத்தேன். பரிதாபப்பட்டுக் கொடுக்கிற வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"பரிதாபமா? நேத்து நீங்க திட்டினதுல நான் எந்திரிச்சே நின்னுட்டேன். அந்தத் தொனி இருக்கே, அது எங்க தேடினாலும் கிடைக்காதுக்கா" என்றார்.

உண்மையாகவும் இருக்கலாம். நயமாகப் பேசத் தெரிந்தவர். இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு டீ போட்டேன்.

ஜூன் 19, வியாழன்

அலமாரிக்குள் இரண்டு பேருக்கு இடம் இல்லை. சின்னவளின் முழங்கை என் விலாவில், என் முதுகில் கதவின் கொக்கி. ஒரு மைக், இரண்டு உயரம். அவள் கீழே ஒரு மரப்பெட்டி போட்டு ஏறிக்கொண்டாள்.

வசனத்தை என்னையே எழுதச் சொல்லிவிட்டார்கள். கஷ்டப்படவே இல்லை. எதிலும் ஒரு உள்நோக்கம் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "புதுப் பாலத்தைத் திடீர்னு ஏன் திறந்தாங்க? அதுவரைக்கும் மூடி வெச்சிருந்ததுக்கு என்ன காரணம்? கேட்டீங்களா?" என்று நான் நேயராகக் கேட்க, டிராஃபிக் அக்கா பதில் சொல்ல வேண்டும். சின்னவளால் முடியவில்லை. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, பெட்டியிலிருந்து விழப் பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து.

அவள் இப்போது என்னைப் போலப் பேசுவதில்லை. 'பொறுமை'யில் சறுக்குவதை விட்டுவிட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகவே விட்டாள். கேட்கும்போது நெஞ்சில் எங்கோ பிடிக்கிறது. இன்னும் கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் நாளைக்குப் பதிவு செய்ய அவள் கொஞ்சம் தாமதமாக வருவாள் என்றதும், ஏன் தாமதம் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

புதிய வசனங்கள் விளையாட்டில் வந்து சில நாளாகிறது. இவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் கை கழுவிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். காலையில் சவாரி ஏறிய ஒரு பெண், பின் சீட்டில் அந்த விளையாட்டை ஆடிக்கொண்டே வந்தாளாம். பாட்டெல்லாம் மெதுவாக ஓடியதாம். நான் ஃபோன் பண்ணிப் புகார் சொல்லும் இடம் வந்தபோது மட்டும் சத்தத்தைக் கூட்டினாளாம். இவர் கண்ணாடியில் பார்த்ததும், "இந்த அம்மா பேசினா நிறுத்திக் கேட்டுட்டுத்தான் போவேன் சார்" என்றாளாம்.

அது யார் என்று அவளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். சொன்னால் நம்பமாட்டாள் என்றார்.

என் மனசு தேறட்டும் என்று இவர் கட்டிவிட்ட கதையாக இருக்கலாம். அந்தப் பெண் எங்கே ஏறினாள், எங்கே இறங்கினாள், எந்தப் பாலத்துப் புகார் என்று மூன்று கேள்வி கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும். இவருக்குப் பொய்யைக் கோவையாகச் சொல்லத் தெரியாது.

கேட்கவில்லை. இன்னொரு கரண்டி பரிமாறினேன்.